பாதம் கழுவச் சொன்னார்கள்

மார்ச் 5, புதன்

இன்று சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடுதான் பள்ளிக்குப் போனேன்.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் லீமா எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுத்தார். தவக்காலம் முடியும்வரை தினமும் நாம் மன்னித்த ஒருவரின் பெயரை அதில் எழுத வேண்டும். நாற்பது நாள், நாற்பது பெயர். இது அந்த நோட்டு இல்லை. இது என்னுடையது. அதில் பெயரை எழுதுவேன், இதில் காரணத்தை எழுதுவேன்.

முதல் பெயர் ஆன்சி. என் காம்பஸை வாங்கி ஊசியை வளைத்துத் திருப்பிக் கொடுத்தவள். மன்னித்தாயிற்று. ஆனால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒருத்திக்கு நாற்பது எதிரிகள் எங்கே கிடைப்பார்கள்?

சிஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தபோது பாதி வகுப்பு என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அப்பாவைத்தான் முதலில் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். என் அப்பா இன்னாசிமுத்து, கிணற்று மோட்டார் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் பெலவேந்திரன் மாமாவின் தோட்டத்துக் கிணற்றில் இறந்தார். குதித்துவிட்டார் என்று மாமாதான் ஓடி வந்து சொன்னார். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைப்பது எங்கள் ஊரில் வழக்கம் இல்லை. அப்போதிருந்த சாமியார் ரோமுக்குப் போயிருந்தார். ஊர்க் கமிட்டி ஒரு மணி நேரத்தில் முடிவெடுத்தது. அப்பா சுவருக்கு வெளியே, கருவேல முள்ளுக்குள் இருக்கிறார்.

ஏன் குதித்தார் என்று ஊர் பல காரணம் சொன்னது. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அதை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

சிலுவைப்பாதை. வழக்கம்போல் பெலவேந்திரன் மாமாதான் சிலுவையைச் சுமந்தார். பதினான்கு நிலைக்கும் யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை. ஒன்பதாம் நிலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கை கொடுக்கப் போன அருளப்பன் சித்தப்பாவை முறைத்தார். "வருசா வருசம் இவரே சொமக்கணுமா? சொர்க்கத்துல எடம் ரிசர்வ் பண்றாரு" என்று ஆன்சி என் காதில் சொன்னாள். சிரித்துவிட்டேன். சிஸ்டர் பார்த்துவிட்டார்.

மாமா மாலையில் ஒரு பை கத்தரிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா போனதிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைய பெயர்: எதிர் வீட்டுச் சேவல்.

மார்ச் 14, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நான் மாற்றிக்கொள்வேன்.

சிலுவைப்பாதை முடிந்து ஐந்தரை மணி இருக்கும். அம்மா புதுநன்மைக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு பதினோரு பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, பதினோரு கவுனும் அம்மாவிடம்தான். பெலவேந்திரன் மாமா வந்தார். பை இல்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். புள்ளைய வெளிய போகச் சொல்லு."

"அவ இருக்கட்டும்ணே. சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னாசி குதிக்கல, தங்கச்சி."

தையல் மிஷின் நிற்கவில்லை.

அவர் சொன்னது இது. கிணற்றில் மோட்டார் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டது. மாமாதான் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா கயிற்றைப் பிடித்து இறங்கினார். மேலே நிற்பவர் கயிற்றைக் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். அன்று மாமா சுற்றவில்லை. ரெண்டே நிமிஷ வேலைதானே என்று வெறும் கையில் பிடித்தார். பாதி இறங்கியதும் அப்பாவுக்குக் கால் வழுக்கியது, பாரம் முழுவதும் கயிற்றில் வந்தது, மாமா விட்டுவிட்டார். அப்பாவின் தலை கிணற்றுக்குள் இருந்த மோட்டார் மேடையில் அடித்தது.

"கூப்பிட்டேன். ரெண்டு தடவ கூப்பிட்டேன். சத்தமே இல்ல. அதுக்கு மொத வாரம்தான் வரப்புத் தகராறுல ஊரே பாக்க அவரச் சட்டையப் பிடிச்சிருந்தேன். நாந்தான் தள்ளிவிட்டேன்னு சொல்லுவாங்கன்னு..."

"கயிறு?" என்று கேட்டது நான்தான்.

"பாதாளக்கரண்டி போட்டு எடுத்துட்டேன், தாயி."

பாதாளக்கரண்டி என்பது கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கும் கொக்கி. அவர் அதைப் போட்டுத் துழாவியது கயிற்றுக்காக. பிறகு அப்பாவின் டூல்ஸ் பையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்திருக்கிறார். அந்தப் பையை அப்பா வேண்டுமென்றே விட்டுப் போனதாகத்தான் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா கேட்டாள், "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

"'இறுக்கிப் பிடி மச்சான்'னாரு."

அப்போதுதான் கவனித்தேன். ஊசிக்கு அடியில் துணி இல்லை. எப்போதோ நழுவி விழுந்திருக்கிறது. வெறும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பின்பக்கம் போய் எல்லாப் பாத்திரத்தையும் துலக்கினேன். துலக்கிய பாத்திரங்கள்தான். மறுபடியும் துலக்கினேன்.

அப்படியானால் நான் சொன்னதற்காக இல்லை.

மார்ச் 15, சனி

யாரையும் மன்னிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

அம்மாவும் நானும் ஃபாதர் அருளானந்துவைப் பார்க்கப் போனோம். அவர் இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. இது அப்படிக் கேட்டது இல்லையாம், கோயில் படியில் உட்கார்ந்து மாமாவே தனியாகச் சொன்னாராம். எங்களிடம் வந்து சொல்லச் சொன்னதும் ஃபாதர்தான். அதற்காக அவரை மதிக்கிறேன்.

பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். பெரிய வியாழனில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதம் கழுவும் சடங்கை இந்த வருடம் வேறு மாதிரி செய்யப் போகிறாராம். பகையில் இருந்தவர்கள் பன்னிரண்டு ஜோடியாக வர வேண்டும். நோகடிக்கப்பட்டவர் நோகடித்தவரின் பாதத்தைக் கழுவ வேண்டும்.

"நம்ம ஜெசிந்தா பெலவேந்திரன் பாதத்தைக் கழுவட்டும். சின்னப் பிள்ளை மன்னிக்கிறதப் பாத்தா ஊரே உருகிடும்."

"என்னத்த மன்னிக்கிறேன்னு ஊருக்கு யார் சொல்லுவா, ஃபாதர்?"

"அது எதுக்கும்மா? ஆண்டவருக்குத் தெரியும். அந்த ஆள் மகளுக்கு மே மாசம் கலியாணம். அடுத்த வாரம் கோயில்ல கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கணும். இப்ப போலீஸ் அது இதுன்னு..."

"அப்ப எங்கப்பா?"

ஃபாதர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஜெசி, இரக்கம் இருந்தாத்தான் மன்னிப்பு வரும். அவர் இடத்துல உன்னை வச்சுப் பாரு. எவ்வளவு பயந்திருப்பாரு?"

"வச்சுப் பாத்தேன், ஃபாதர். நானும் பயந்திருப்பேன். ஆனா ரெண்டு வருசம் பயந்திருக்க மாட்டேன்."

"வாய் நீளம்" என்றார். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அம்மா செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு பத்தடி நடந்தாள்.

மார்ச் 22, சனி

சிஸ்டர் லீமா என் நோட்டைப் பார்த்தார். பதின்மூன்றாம் தேதிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வகுப்பு முடிந்ததும் நிறுத்தி வைத்தார். ஃபாதர் சொல்லியிருக்க வேண்டும்.

"காட்டிக்கொடுக்கப் போறவர் காலையும் சேத்துத்தானடி ஆண்டவர் கழுவினாரு. நீ அவரவிடப் பெரியவளா?"

"இல்ல சிஸ்டர். ஆனா கழுவி முடிச்சுட்டு, உங்கள்ல ஒருத்தன் என்னைக் காட்டிக்கொடுக்கப் போறான்னு அதே பந்தியில சொன்னாருல்ல. கழுவுனதோட அத மூடி வைக்கலையே."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எங்க படிச்ச?"

"நீங்கதான் சிஸ்டர் போன வருசம் நடத்துனீங்க."

மார்ச் 29, சனி

ஃபாதர் சொன்னதை நான் பாதிதான் செய்திருந்தேன். அவர் இடத்தில் என்னை மனதுக்குள் மட்டுமே வைத்துப் பார்த்தேன். அது போதாது என்று தோன்றியது. அறிவியல் பாடத்தில்கூட செய்முறை இருக்கிறது.

காலையில் பெலவேந்திரன் மாமாவின் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றின் மேல் முள்ளை வெட்டிப் போட்டு மூடியிருக்கிறார். இரண்டு வருடமாகத் தண்ணீரே எடுக்கவில்லை போலிருக்கிறது. கத்தரிச் செடிக்குத் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சைக்கிளில் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வாராவாரம் வந்த கத்தரிக்காய் அது.

"ஒரு கயிறு வேணும்" என்றேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தார். உரச்சாக்கு ஒன்றில் மணலை அள்ளி நிரப்பினேன். கிணற்றோரத்து வேப்பமரக் கிளையில் கயிற்றைப் போட்டேன். சாக்கை ஒரு முனையில் கட்டி, இழுத்துத் தூக்கிக் கிணற்றுச் சுவரின் மேல் வைத்தேன். மறுமுனையை வெறும் கையில் பிடித்துக்கொண்டு காலால் சாக்கை உள்ளே தள்ளினேன். முள்ளைக் கிழித்துக்கொண்டு போனது.

எண்ணினேன். ஒன்று. இரண்டு என்று முடிப்பதற்குள் கயிறு போய்விட்டது. நான் விடவில்லை. கை விட்டது. சத்தம் கேட்க நேரமானது.

உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. அப்பா அந்தச் சாக்கைப் போல இரண்டு மடங்கு இருப்பார்.

மாமா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "பைத்தியமா புள்ள உனக்கு? கையக் காட்டு!" குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினார். பாதி என் பாவாடையில் கொட்டியது.

அப்போதுதான் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. அன்று காலையில் அப்பா என் பரிசுப் புத்தகத்தின் முதல் தாளைக் கிழித்து அதில் ஏதோ பைப் அளவு எழுதிக்கொண்டார். என் பெயர் எழுதியிருந்த தாள். நான் கத்தினேன். "நீங்க எங்கயாவது போய்த் தொலைஞ்சா நல்லாருக்கும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பத்தரை மணிக்கு மாமா ஓடி வந்து, அப்பா குதித்துவிட்டார் என்று சொன்னார்.

மாமா குடத்தைக் கீழே வைத்தார். "ஆத்தா... இத்தன நாளா நீ..."

"அவர் அதைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா? உண்மையச் சொல்லுங்க. எனக்காக மாத்திச் சொல்லாதீங்க."

யோசித்தார். "இல்ல தாயி. ஃபுட்வால்வு சல்லட மட்டம்னு கம்பெனிக்காரனத் திட்டிக்கிட்டே இறங்குனாரு. வேற ஒண்ணும் பேசல."

அப்பா என்னைப் பற்றி நினைக்கவே இல்லை. எவ்வளவு பெரிய நிம்மதி என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

அழுது முடித்த பிறகு அவரிடம் சொன்னேன். "கயிறு கைய விட்டுப் போனதுக்கு உங்களை மன்னிச்சுட்டேன். இப்பவே. அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க கயித்த விட்டது ஒரு தடவ. மறைச்சது தினமும். இன்னைக்குக் காலையிலயும் மறைச்சீங்க. நடந்துக்கிட்டே இருக்கறத நான் எப்படி மன்னிக்கிறது? கோயில்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. காலைக் கழுவுறேன்."

"ஜோஸ்பின் கலியாணம் நின்னுரும், தாயி."

"தெரியும்."

தெரிந்துதான் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜோஸ்பின் அக்காவின் முகம்தான் நினைவில் இருந்தது. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுக்க மாட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஓலை வாசித்தார்கள். ஜோஸ்பின் அக்கா புதுச் சேலையில் அழகாக இருந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

ஆண்டுத் தேர்வு. கணக்கு. கை இன்னும் முழுசாக ஆறவில்லை, காம்பஸ் பிடிக்க முடியவில்லை. வட்டம் முட்டையாக வந்தது.

ஏப்ரல் 12, சனி

நாளை குருத்து ஞாயிறு. எல்லோரும் கல்லறைகளைச் சுத்தம் செய்தார்கள். அம்மாவும் நானும் அரிவாளோடு சுவருக்கு வெளியே போனோம்.

அம்மா முள்ளை வெட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். ஒரு மாதமாக இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. "பெலவேந்திரன் அண்ணன் மேல எனக்குக் கோவம் வரணும்ல? வரமாட்டேங்குதுடி. ரெண்டு வருசமா உங்கப்பா மேலயே எல்லாக் கோவத்தையும் பட்டுட்டேன். எங்கள விட்டுட்டுப் போயிட்டியேன்னு தினம் திட்டுனேன். கல்யாண போட்டோவத் திருப்பி வச்சேன். நான்தான் இவர்ட்ட மன்னிப்புக் கேக்கணும்."

பிறகு குனிந்து அப்பாவின் மேட்டை வெட்டாமல் பக்கத்து மேட்டை வெட்ட ஆரம்பித்தாள். அங்கே இன்னும் இரண்டு மேடுகள் இருக்கின்றன. ஒன்று பிளஸ் டூவில் தோற்றுப்போன பிலோமினா அக்கா. இன்னொன்று யாரோ ஒரு டிரைவர். இவ்வளவு நாளாக நான் அவற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் அப்பாவும் அவர்களும் ஒன்று என்று ஆகிவிடும் என்று பயந்திருக்கிறேன்.

பிலோமினா அக்காவின் மேட்டில் நான் வெட்டினேன். அவளிடமும் காலையில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்களா?

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள். ஏழாவதில் பெலவேந்திரன் மாமா, வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு. கழுவ வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் ஊற்றினார்கள், துடைத்தார்கள், முத்தம் கொடுத்தார்கள். சிலர் அழுதார்கள். அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்கவில்லை.

என் முறை வந்தது. செம்பை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் முழங்காலிட்டேன். ஊற்றவில்லை.

"சொல்லுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு என்னைப் பார்த்தது, பிறகு அதே சரணத்தை மறுபடி ஆரம்பித்தது. ஃபாதர் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஜெசிந்தா, ஊத்தும்மா."

"அவர் சொல்லட்டும், ஃபாதர்."

"இது திருப்பலி."

"அதனாலதான், ஃபாதர்."

பாட்டு இரண்டாம் முறை முடிந்தது. மூன்றாம் முறை யாரும் ஆரம்பிக்கவில்லை. முழங்கால் வலித்தது. பின்னால் யாரோ "இந்தப் புள்ளைக்கு என்னாச்சு" என்றார்கள். செம்பு கனத்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மாமா பெண்கள் பக்கம் திரும்பி ஜோஸ்பின் அக்காவைத் தேடிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். தூக்கிய வேட்டியைக் கையிலிருந்து விடவில்லை.

"இன்னாசிமுத்து குதிக்கல" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது. மறுபடியும் சொன்னார், இந்த முறை கோயில் முழுவதும் கேட்டது. "இன்னாசிமுத்து குதிக்கல. என் மோட்டாரச் சரிபண்ண எறங்குனாரு. நாந்தான் கயித்த விட்டுட்டேன். பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன். அவர வெளிய பொதைச்சது என் பொய்ய வச்சு."

எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. கமிட்டித் தலைவர் கஸ்பார் எழுந்து நின்று "என்னய்யா சொல்ற?" என்று கத்தினார். அது அவருக்கும்தான் விழுந்த அடி.

நான் தண்ணீரை ஊற்றினேன். விரல் இடுக்கில் தோட்டத்து மண் இருந்தது. அதையும் கழுவினேன். துடைத்தேன். முத்தம் கொடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் வரவில்லை, வராததைச் செய்ய மாட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் மாமா ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். ஃபாதர் கூடப் போனார். கூப்பிடும்போது வரச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டார் "யோசிச்சுச் சொல்றோம்" என்று போன் செய்தார்களாம். சிலுவையை இன்று அருளப்பன் சித்தப்பா சுமந்தார்.

மூன்று மணி வழிபாட்டுக்கு முன் தலைவர் கஸ்பார் கமிட்டியோடு வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். "உயிர்ப்பு முடியட்டும்மா. இன்னாசிய மரியாதையா எடுத்து உள்ள வச்சு, நல்ல எடமாக் குடுத்துருவோம். ஊர்ல எல்லாருக்கும் சம்மதம்."

இரண்டு வருடமாக நான் ஜெபித்தது இதைத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஏதோ தவறு என்று தெரிந்தது.

"மத்த ரெண்டு பேரு?" என்றாள்.

"அவுங்க வேறம்மா. அவுங்க நெசமாவே..."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அம்மா.

ஏப்ரல் 19, சனி

விடிந்ததும் அம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். "எங்கம்மா?" என்றேன். "வா" என்றாள்.

கல்லறைத் தோட்டத்துச் சுவர் பழைய கல் சுவர். சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்துவிட்டது. அப்பா இருக்கும் இடத்துக்கு நேராக அம்மா கடப்பாரையை மேல் வரிசையில் கொடுத்து நெம்பினாள். முதல் கல் லேசில் வரவில்லை. வந்தபோது என் கால் பக்கத்தில் விழுந்தது.

சத்தம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பெலவேந்திரன் மாமா தன் கடப்பாரையோடு வந்து சற்றுத் தள்ளி நின்றார், கூப்பிடுவோமா என்று பார்த்துக்கொண்டு. ஜோஸ்பின் அக்கா அவருக்குப் பின்னால் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"என் கலியாணம் நின்னா உன்னயத்தான்டி கேப்பேன்" என்றாள்.

"கேளுங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவளுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. என்னை மன்னிக்கச் சொல்லி அவளிடம் யாரும் போகக் கூடாது.

தலைவர் கஸ்பார் பல் துலக்கிக்கொண்டிருந்த பிரஷோடு ஓடிவந்தார். "சலேத்மேரி! யாரக் கேட்டு இடிக்கிற? அதான் உன் வீட்டுக்காரர எடுத்து உள்ள வைக்கிறோம்னு சொல்லிட்டோம்ல!"

அம்மா நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவர எடுக்க வேணாம்ணே. அவர் அங்கயே இருக்கட்டும், அந்தப் புள்ளையோடயும் அந்த டிரைவரோடயும். சுவர எடுங்க."

"அது நூறு வருசத்துச் சுவரும்மா!"

"தெரியுதுண்ணே. கல்லு கனமாத்தான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். தலைவர் திரும்பி முறைத்தார். ஃபாதர் வந்துகொண்டிருப்பது தெருமுனையில் தெரிந்தது. அவர் வந்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதாக இல்லை.

மாமாவைப் பார்த்து, "அந்தப் பக்கத்துலேந்து நெம்புங்க" என்றேன்.

அவர் வந்தார். நான் அடுத்த கல்லைப் பிடித்தேன்.